வீட்டில் சுகர் பார்த்துச் சாப்பாட்டுத் தட்டைத் திருத்திய அனுபவம்

வெறும் வயிற்றில் 112. எச்.பி.ஏ.1சி 6.0. கிளிநொச்சியில் எடுத்த இரத்த ரிப்போட்டில் இருந்த இந்த இரண்டு எண்களில்தான் எல்லாம் தொடங்கியது. வெறும் வயிற்றுச் சீனி ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. 126இல் இருந்து மேலே போனால் நீரிழிவு. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் 100 முதல் 125 வரை இடைப்பட்ட நிலை. உலக சுகாதார நிறுவனம் அந்த இடைநிலையை 110இல் இருந்து எண்ணுகிறது. எச்.பி.ஏ.1சி என்பது ஏறக்குறைய மூன்று மாதத்து இரத்தச் சீனியின் சராசரியைக் காட்டும் சதவீத எண். அதில் 5.7 முதல் 6.4 வரை இடைநிலை, 6.5 தொட்டால் நீரிழிவு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான் நடுவில் நின்றேன்.

"இது இன்னும் சீனி வருத்தம் இல்லை, ஆனா வாசலில நிக்குது. குளிசை இப்ப வேண்டாம். சாப்பாட்டைப் பாருங்கோ, நிறையைக் குறையுங்கோ, மூண்டு மாதத்தால வாங்கோ" என்றார் டொக்டர்.

சாப்பாட்டைப் பார்ப்பது என்றால் என்ன என்பதில்தான் சிக்கல். கிளிநொச்சிப் பக்கத்து எங்கள் வட்டக்கச்சியில் நாலு பேரிடம் கேட்டால் நாலு வைத்தியம் வரும். ஒருவர் பாகற்காய்ச் சாறு என்பார், இன்னொருவர் குரக்கன் மட்டும் சாப்பிடு என்பார், சிவப்பரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று சத்தியம் பண்ணுபவரும் உண்டு. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லைப் புழுக்கிக் குற்றிச் சாப்பிடுகிற வீடு எங்களுடையது. சோற்றை விடு என்று யாரும் சொன்னால் அது நடக்காது. எந்தச் சாப்பாடு, எவ்வளவு, எதோடு சேர்ந்தால் என் உடம்பில் என்ன செய்கிறது என்பதை என் இரத்தத்திலேயே பார்த்துவிடுவோம் என்று, வீட்டிலேயே இரத்தச் சீனி பார்க்கும் மெஷினான குளுக்கோமீற்றர் ஒன்று வாங்கினேன்.

மீற்றர் வாங்கும்போது மெஷினின் விலையைப் பார்க்காதீர்கள். செலவு முழுக்க, இரத்தத் துளியை வைக்கும் பட்டையான ஸ்ட்ரிப்பில்தான். உங்கள் ஊர்ப் பாமசியில் எந்த ஸ்ட்ரிப் எப்போதும் கிடைக்கிறதோ அதற்குரிய மெஷினை எடுங்கள். ஸ்ட்ரிப் தேடி ஒவ்வொரு முறையும் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக நேர்ந்தால் மெஷின் அலுமாரிக்குள் தூங்கும். டப்பாவில் காலாவதித் திகதி இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பதும் தனியாக எழுதியிருக்கும். திறந்த அன்றே பேனையால் திகதியை மூடியில் எழுதிவிடுவேன்.

வன்னி வெயில் ஸ்ட்ரிப்புக்கு எதிரி. பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளை 30 பாகை செல்சியஸுக்குள் வைக்கச் சொல்கிறார்கள். சோளகம் என்ற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பகலில் 35ஐத் தாண்டிவிடும். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு திரிவது அறவே கூடாது. குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் பிடிக்கும். எங்கள் வீட்டில் சீமெந்துத் தரையோடு ஒட்டிய அலுமாரியின் அடித்தட்டுத்தான் இருப்பதில் குளிரான இடம், அங்கேதான் டப்பா இருக்கிறது. ஒன்றை எடுத்ததும் மூடியை இறுக்கிவிட வேண்டும். ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவுக்கு மாற்றக்கூடாது. ஈரத்தை உறிஞ்சும் பொருள் அந்த டப்பாவோடுதான் வருகிறது.

மெஷினை நம்பலாமா? அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஆய்வுகூடத்தில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்த கையோடு, அங்கேயே விரலில் குத்தி மீற்றரிலும் பார்த்தேன். ஆய்வுகூடம் 109, மீற்றர் 115. இது நல்ல பொருத்தம். 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தர விதிப்படி, 100க்கு மேலுள்ள அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிவுகள் உண்மையான அளவில் இருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அதாவது உண்மையில் 140 என்றால் மெஷின் 119உம் காட்டலாம், 161உம் காட்டலாம். இது மனதில் இருந்தால், நேற்று 131 இன்று 138 என்று பதறத் தேவையில்லை. இந்த ஒப்பீட்டை வெறும் வயிற்றில்தான் செய்யவேண்டும். சாப்பிட்ட பிறகு விரல்நுனி இரத்தத்தில் சீனி, கை நாளத்து இரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

குத்துவதற்கு நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டு நல்லது. நுனி நடுவில் நரம்பு கூடுதல், நோகும். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பு விழுந்த கை என்றால் ஊசி பூட்டிக் குத்தும் பேனையின் ஆழத்தை ஒரு எண் கூட்டி வைக்கவேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, கையைக் கொஞ்ச நேரம் கீழே தொங்கவிட்டால் இரத்தம் தானாக வரும். விரலைப் பிழிந்தால் சதைநீரும் கலந்து அளவு பிசகும்.

கை கழுவுவதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதை நானே சோதித்துப் பார்த்தேன். பாலைப்பழக் காலம் அது. காட்டுக்குப் போன பெடியள் ஒரு சருவச்சட்டி நிறையக் கொண்டுவந்து தந்தார்கள். மஞ்சள் மஞ்சளாக, தொட்டாலே பால் ஒட்டும்; சாப்பிட்டு முடிய உதடும் விரலும் பிசின் பிடித்துவிடும். ஒரு கைபிடி சாப்பிட்டு, இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வலது கையை உடுப்பில் துடைத்ததோடு விட்டேன். இரண்டு கையிலும் அடுத்தடுத்துக் குத்தினேன். கழுவிய விரலில் 127. கழுவாத விரலில் 219. இடையில் ஒரு நிமிடம்கூட இல்லை. விரலில் ஒட்டியிருந்த பழச்சீனிதான் அந்த வித்தியாசம். 2011இல் ஜப்பானில் பழம் உரித்த கைகளை வைத்து இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்பிரிற் பஞ்சால் துடைத்தாலும் அளவு பொய்யாகவே உயர்ந்து நின்றது. தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரிவந்தது. மாம்பழம் நறுக்கிய கையோடு சுகர் பார்த்து 250 என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மெஷின் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் அயலட்டை வரும். "அண்ணை, எனக்கும் ஒருக்கா குத்திப் பாருங்கோ" என்று பின்னேரத்தில் இரண்டு மூன்று பேர் திண்ணையில் இருப்பார்கள். மறுக்க மனம் வராதுதான். ஆனாலும் குத்தும் பேனையைப் பங்குபோடவே கூடாது. ஊசியை மாற்றினாலும் கூடாது. பேனையின் முனையில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருந்தால் போதும், மஞ்சட்காமாலைக் கிருமி ஒருவரில் இருந்து இன்னொருவருக்குப் போகும். ஒருமுறை குத்தியதும் எறிகிற தனி ஊசிகள் பாமசியில் கிடைக்கும். வருபவர்களுக்கு அதைத்தான் வாங்கிவரச் சொல்கிறேன். பாவித்த ஊசிகள் தடித்த பிளாஸ்ரிக் போத்தலுக்குள் போகும். நிறைந்ததும் ஆஸ்பத்திரியில் கேட்டுக் கொடுக்கலாம். பிள்ளைகள் வெறுங்காலோடு திரியும் வளவில் குப்பைக்குள் எறியவேண்டாம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துக் கொப்பியில் எழுதிவைப்பதால் பெரிதாக ஒன்றும் விளங்காது. சாப்பாடு என்ன செய்தது என்று அறிய, சாப்பிட முன்னர் ஒன்று, முதல் வாய் வைத்ததில் இருந்து இரண்டு மணித்தியாலம் கழித்து ஒன்று என்று சோடியாகப் பார்க்கவேண்டும். இரண்டாவது எண் 140க்குக் கீழே இருப்பதுதான் என் இலக்கு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். ஒரே சாப்பாட்டை வேறு வேறு நாளில் திரும்பப் பார்த்து, இரண்டு முறையும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் நம்பினேன். சீ.ஆர். கொப்பியில் இடது பக்கம் சாப்பிட்டது, வலது பக்கம் எண்கள்.

முதலில் பாண். கால் றாத்தல் பாண், தேங்காய்ச் சம்பல், சீனி போட்ட தேத்தண்ணீர்: 108இல் இருந்து 174. பிறகு அதே பாண், அதே சம்பல், சீனி இல்லாத பிளேன்ரீ: 158. ஒரு றாத்தல் 450 கிராம் என்றால் கால் றாத்தலில் மட்டும் ஐம்பது கிராமுக்கு மேல் மாச்சத்து இருக்கிறது, அது எங்கே போகும்? தேத்தண்ணீர்க் கணக்கும் சின்னதல்ல. ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் அறுபது கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் இப்படிச் சேர்க்கிற சீனியை நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது, இருபத்தைந்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. வயலில் வேலை நடக்கும் நாளில் தேத்தண்ணீர் எத்தனை முறை வரும் என்று உங்களுக்கே தெரியும். சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்துக்கொள்ளலாம் என்பதும் வேலைக்காகாது. பனங்கட்டியிலும் பெரும்பங்கு அதே சீனிதான். நான் மூன்றை இரண்டாக்கி, ஒன்றாக்கி, இப்போது இஞ்சி தட்டிப்போட்ட வெறுந்தேத்தண்ணீருக்கு வந்துவிட்டேன். நாக்கு பழகிவிடுகிறது.

குரக்கன்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. குரக்கன் பிட்டு, வழக்கமான அளவு, கொஞ்சம் சம்பலோடு: இரண்டு மணித்தியாலத்தில் 161. பாணை விடப் பெரிய வித்தியாசம் இல்லை. குரக்கனில் நார் உண்டு, கல்சியம் நிறைய உண்டு, நல்ல தானியம். ஆனாலும் மாவாக அரைத்து அவித்தால் அதுவும் மாச்சத்துத்தான். அப்புறம் பிட்டைப் பாதியாக்கி, மீதி இடத்தில் அவித்த பயறும் முருங்கையிலை வறையும் ஒரு முட்டையும் வைத்துப் பார்த்தேன்: 134. குரக்கன் என்ற பேருக்காக எதுவும் நடக்கவில்லை, தட்டில் அதன் பங்கு குறைந்ததும் பக்கத்தில் வந்ததும்தான் வேலை செய்தது. சிவப்பரிசிமா இடியப்பமும் இதே கதை. எட்டு இடியப்பமும் சொதியும் 168. நாலு இடியப்பமும் மீன்குழம்பும் கீரையும் 137. இடியப்பத்தை எண்ணிச் சாப்பிடலாம் என்பது ஒரு வசதி.

மதியச் சோறுதான் முக்கியம். வன்னியில் சோறு போடுகிற கை சின்னதாகப் போடாது. முதல் நாள் நான் வழக்கமாகச் சாப்பிடுகிற சோற்றைத் தேத்தண்ணீர்க் கோப்பையால் அளந்தேன்: மூன்று கோப்பை. ஒரு கோப்பைச் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாச்சத்து. புழுங்கல் சிவப்பரிசி என்றாலும் மூன்று கோப்பைக்குப் பிறகு 176 காட்டியது. தட்டின் பாதியை மரக்கறிக்கு ஒதுக்கினேன்: ஒரு கீரை, ஒரு வறை, வெள்ளரிக்காய் அல்லது தக்காளிச் சம்பல். கால் பங்கு மீன் அல்லது பருப்பு. மிச்சக் கால் பங்கில் சோறு, அது ஒன்றரைக் கோப்பை. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் பூசணியும் மரக்கறிப் பக்கத்தில் வரக்கூடாது என்பது என் வீட்டு விதி. பூசணியைப் பற்றி வேறு அபிப்பிராயம் உள்ளவர்கள் சோதித்துப் பார்க்கலாம்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "என்ன ராசா, ஒரு அகப்பை சோத்தோட எழும்பிறாய்? வயல்காரன் வீட்டில சோத்துக்குப் பஞ்சமே?" என்று கேட்டா. அவவைச் சமாதானப்படுத்தியது எண் இல்லை, இரணைமடுக் குளத்து விரால். சோறு குறைந்த அளவுக்கு மீன் கூடினால் அம்மாவுக்குச் சம்மதம்.

சாப்பிடும் ஒழுங்கையும் மாற்றிப் பார்த்தேன். கீரையையும் மீனையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியாக எடுத்தால் அதே தட்டுக்கு இரண்டு மணித்தியால எண் 152இல் இருந்து 136க்கு இறங்கியது. திரும்பச் செய்தபோதும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. சோற்றைப் பிசைந்து குழைத்து உருட்டிச் சாப்பிடும் எங்கள் பழக்கத்துக்கு இது கொஞ்சம் கஷ்டம். வறையின் பாதியை முதலில் வெறுமனே சாப்பிட்டுவிட்டு மீதியைச் சோற்றோடு பிசைவது நடுவழி, அதைத்தான் இப்போது செய்கிறேன்.

சாப்பிட்ட பிறகு நடப்பதுதான் செலவில்லாத வைத்தியம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வாய்க்கால் கட்டோடு பதினைந்து இருபது நிமிடம் நடந்து வருகிறோம், மனைவியும் வருகிறா. நடக்கும்போது தசைகள் இரத்தத்தில் உள்ள சீனியைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. இன்சுலின் அதிகம் இல்லாமலேயே இது நடக்கும். நடந்த நாளுக்கும் நடக்காத நாளுக்கும் கொப்பியில் இருபதுக்கு மேல் வித்தியாசம் நிற்கிறது. "இஞ்சருங்கோ, பாம்பு கிடக்கும், ரோச்சை எடுங்கோ" என்று மனைவி சொல்லாத நாள் இல்லை. மழைக்காலத்தில் அது உண்மையும்கூட, அந்த நாட்களில் முற்றத்தையே சுற்றுகிறோம்.

பழஞ்சோறு பற்றிப் பலர் கேட்கிறார்கள். சோறு ஆறிக் கிடக்கும்போது மாவின் ஒரு பகுதி சமிபாடு அடையாத வகைக்கு மாறுகிறது, அது உண்மை. இரவு தண்ணீர் ஊற்றிவைத்த சோறு, எருமைத் தயிர், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய்: 141. அதே அளவு சுடுசோறு, அதே தயிர்: 149. மெஷினின் பிழைக்குள் அடங்குகிற வித்தியாசம் இது, பெரிதாகச் சொல்லமாட்டேன். ஆனால் நல்ல காலைச் சாப்பாடு. அளவு ஒரு கோப்பைக்கு மேல் போகாமல் சாப்பிடுகிறேன்.

பின்னேரத்தில் கடை வடைக்கும் பணிசுக்கும் பதில் அவித்த கௌபி, தேங்காய்ப்பூ, கொஞ்சம் வெங்காயம். அல்லது தோலோடு அவித்த நிலக்கடலை. இதில் சோதிக்கவே தேவையில்லாத அளவுக்கு எண் அமைதியாக இருக்கிறது. கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் அரைப் பழம், சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக. வற்றாப்பளைப் பொங்கலில் அம்மன் பிரசாதத்தை மறுக்கமுடியாது, மறுக்கவும் இல்லை. கையில் வாங்கியதைச் சாப்பிட்டுவிட்டு நடந்தேன்.

வெறும் வயிற்று எண் ஏன் சில நாள் காரணமில்லாமல் ஏறுகிறது என்று ஒரு மாதம் குழம்பினேன். கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டியபோது விடை கிடைத்தது. கதிர் முற்றும் நேரத்தில் யானைக்காக வயலில் பரண் கட்டிக் காவல் இருந்த இரவுகளுக்கு அடுத்த காலைகள் எல்லாம் 115க்கு மேலே. நித்திரை கெட்டால் இன்சுலினின் பிடி தளரும், விடியப்புறத்தில் ஈரல் சீனியைக் கூடுதலாக விடும். காய்ச்சல் வந்த நாட்களிலும் அப்படித்தான். இப்போது காவலை அண்ணன் தம்பிகளோடு முறைவைத்துப் பிரித்திருக்கிறோம்.

இன்னொரு விடயம், இது முக்கியம். அம்மா ஏற்கெனவே நீரிழிவுக் குளிசை போடுபவ. கிளிக்லசைட் போன்ற குளிசை போடுபவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சீனி மிகவும் இறங்கி வியர்த்து மயங்கும் அபாயம் உண்டு. அதனால் அவவின் தட்டைக் கிளினிக்கில் கேட்ட பிறகே மாற்றினோம், குளிசையின் அளவையும் அவர்களே குறைத்தார்கள். மனைவிக்கு இரத்தம் குறைவு. அப்படியானவர்களுக்கு மீற்றர் கூட்டிக் காட்டும், இரும்புச்சத்துக் குறைவில் எச்.பி.ஏ.1சியும் கூட்டிக் காட்டும். தலசீமியா உள்ளவர்களில் அது நம்பகமே இல்லை. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் உள்ளவர்கள் பருப்பு, மீன், கீரையைத் தாமாகக் கூட்டக்கூடாது, டொக்டரைக் கேளுங்கள்.

மருந்தில்லாமல் இவ்வளவு செய்து பயன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: 2002இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நிறையில் 7 சதவீதம் குறைத்து வாரத்துக்கு 150 நிமிடம் உடம்பை அசைக்க இலக்கு வைத்தவர்களில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெற்போமின் குளிசை போட்டவர்களில் 31 சதவீதம். 2006இல் வந்த இந்திய ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றத்தால் 28.5 சதவீதம் குறைந்தது. எங்கள் உடம்புவாகுக்கு இந்த இரண்டாவது எண்தான் கிட்டியது என்று நான் நினைக்கிறேன். அதுவும் சின்ன எண் இல்லை.

என் நிறை 74இல் இருந்து 69க்கு வந்தது. இடுப்பு 96 சென்ரிமீற்றரில் இருந்து 91. தெற்காசிய ஆண்களுக்கு 90க்குள் இருக்கவேண்டும், இன்னும் ஒன்று பாக்கி. எச்.பி.ஏ.1சி 5.8. டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, இதையே பிடித்துக்கொள்ளுங்கோ, ஆறு மாதத்தால திரும்ப எடுப்போம் என்றார். இப்போது வாரத்துக்கு ஒரு சோடிதான் குத்துகிறேன், அதுவும் புதிதாக ஒன்றைச் சமைத்தால் மட்டும். மொட்டைக்கறுப்பன் நெல் குற்றி வந்திருக்கிறது. நீண்டநேரம் வேகிற அரிசி அது. கடையில் வாங்கும் தீட்டிய சிவப்பரிசியோடு அதே அளவில் வைத்துப் பார்க்கப்போகிறேன், ஒடியல் பிட்டும் வரிசையில் நிற்கிறது.